‘ஐரோப்பா அளவுக்கு இல்லாவிட்டாலும்’ என்று ஏன் தொடங்குகிறீர்கள்?

கேள்வி: வேலைக்காகச் சில ஆண்டுகள் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கொலம்பஸ் க்ரூ கால்பந்து அணியின் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். அதோடு பிடித்துக்கொண்டது. 2017-ல் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தபோதும் அங்கேதான் இருந்தேன். இப்போது கோவையில் இருக்கிறேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆட்டம் பார்த்து, அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். ஆனால் தலைப்பில் மெஸ்ஸி பெயர் இருந்தால்தான் படிக்கிறார்கள். ‘அதெல்லாம் ஒரு லீக்கா, ரிட்டயர் ஆனவங்க போற இடம்தானே’ என்று நண்பர்களே சிரிக்கிறார்கள். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து டிவி பார்த்து எழுத எனக்கு என்ன தகுதி என்ற சந்தேகமும் வருகிறது. அப்புறம், க்ரூவைப் பற்றி மோசமாக எழுதக் கை வருவதில்லை. ரசிகனாக எழுதுவதா, பத்திரிகையாளன் மாதிரி எழுதுவதா? பேசாமல் பிரீமியர் லீக் பக்கம் போய்விடலாமா? என் கட்டுரைகள் மூன்றை இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பிரீமியர் லீக் பக்கம் போகவேண்டாம். அங்கே ஆள் இருக்கிறார்கள். லிவர்பூல் தோற்றால் அடுத்த அரை மணி நேரத்துக்குள் தமிழில் பத்துப் பேர் காரணம் எழுதிவிடுவார்கள். கொலம்பஸ் தோற்றால் எழுத இங்கே உங்களை விட்டால் யார்? ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. விளையாட்டு டெஸ்கில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதை வெட்டியும் ஒட்டியுமே காலத்தைக் கழித்தவன் நான். எழுதுகிறவனுக்குத் தனியாக ஒரு நிலம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

கட்டுரைகள் மூன்றையும் படித்தேன். மூன்றிலும் ஒரே வியாதி. ஒன்றில் ‘ஐரோப்பா அளவுக்கு இல்லாவிட்டாலும்’, இன்னொன்றில் ‘தரத்தில் குறைவு என்றாலும்’, மூன்றாவதில் ‘பெரிய லீக் இல்லைதான், ஆனாலும்’. வாசகர் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே போய்க் கூண்டில் ஏறி வாக்குமூலம் கொடுக்கிறீர்கள். நண்பர்களின் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே எழுதுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அவர்கள் உங்கள் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. படிக்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி ‘உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்பினால் அவர் ஏன் உள்ளே வருகிறார்?

அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸில் 2023 டிசம்பர் 9 அன்று நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் தொடங்கியிருப்பது இப்படி: ‘லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சி அணியை கொலம்பஸ் க்ரூ 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்திக் கோப்பையைக் கைப்பற்றியது. ஐரோப்பா அளவுக்கு இல்லாவிட்டாலும் ஆட்டம் விறுவிறுப்பாகவே இருந்தது.’ இதில் முதல் வாக்கியத்தை எந்த ஏஜென்சியும் அனுப்பும். இரண்டாவது யாருக்கும் தேவையில்லை. ஆனால் அதே கட்டுரையில், படிக்கிறவர் பாதிப் பேர் கழன்றுபோன பிறகு, ஏழாவது பத்தியில் ஒன்று வருகிறது. உங்கள் அலுவலக மேனேஜர் கால்பந்தே பார்க்காதவர். 2018 குளிர்காலத்தில் அவர் வீட்டுப் புல்வெளியில், பனிக்கு நடுவே, ‘க்ரூவைக் காப்பாற்றுங்கள்’ என்ற மஞ்சள் பலகை நட்டிருந்தது. ‘நீங்கள்தான் ஆட்டமே பார்ப்பதில்லையே’ என்று கேட்டீர்கள். ‘பார்க்கமாட்டேன். ஆனால் நான் பார்க்காமல் இருப்பதற்கு அது இங்கே இருக்கவேண்டும் இல்லையா’ என்றார்.

ஐயா, இதை ஏழாவது பத்தியில் கொண்டுபோய் ஒளித்துவைப்பார்களா? இந்த ஒரு பதிலுக்குள் அமெரிக்க சாக்கரின், அதாவது அங்கத்தியக் கால்பந்தின், கதை முக்கால்வாசி அடங்கிவிட்டது. அந்த ஊரில் கால்பந்து கிளப் என்பது இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இல்லாமல் போகலாம். ரசிகன் இரண்டு வேலை பார்க்கிறான்: ஆட்டத்தையும் பார்க்கவேண்டும், அணி ஊரில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். மான்செஸ்டர் ரசிகனுக்கு இந்தக் கவலை கிடையாது. அதனாலேயே உங்களிடம் இருக்கும் கதை அவனிடம் இல்லை.

வாசகருக்கு இது புரியவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லவேண்டும். உங்கள் மூன்று கட்டுரைகளிலும் எம்எல்எஸ் தொடங்கிய 1996-க்கு முன்னால் உலகமே இல்லை. அதற்கு முன்னால் என்ஏஎஸ்எல் என்று ஒரு லீக் 1968 முதல் 1984 வரை ஓடியது. 1975-ல் நியூயார்க் காஸ்மோஸ் அணி பெலேயைக் கொண்டுவந்தது. 1977 ஆகஸ்டில் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் ஒரு பிளேஆஃப் ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று அந்த அணி கொல்கத்தாவுக்கு வந்து ஈடன் கார்டனில் மோகன் பகானுடன் 2-2 என்று டிரா செய்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று, பெலே நியூ ஜெர்சியில் விடைபெற்றார். இந்தியாவில் பெலேயின் ஆட்டத்தை நேரில் பார்த்த ஒரு தலைமுறை இருக்கிறது என்றால் அவர்கள் பார்த்தது ஓர் அமெரிக்க கிளப்பின் சட்டையில்! ‘அதெல்லாம் ஒரு லீக்கா’ என்று கேட்கும் நண்பருக்கு இதைச் சும்மா சொல்லி வையுங்கள்.

அந்த லீக் 24 அணிகள் வரை வீங்கியது. ஒவ்வொரு முதலாளியும் ‘எனக்கும் ஒரு பெலே’ என்று செலவழித்தார். 1984-ல் ஒன்பது அணிகள் மிஞ்சின, அதோடு கடையைச் சாத்தினார்கள். 1994 உலகக் கோப்பையை நடத்தவேண்டுமானால் முதல் தரத் தொழில்முறை லீக் ஒன்றை உருவாக்கவேண்டும் என்று ஃபிஃபா நிபந்தனை போட, அதிலிருந்து பிறந்ததுதான் எம்எல்எஸ். சூடு கண்ட பூனைகள் கட்டிய லீக் அது. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் கிளப்பிடம் இல்லை, லீக்கிடம் இருக்கும். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கீழ் டிவிஷனுக்கு இறங்குவது என்ற பேச்சே இல்லை. 2007-ல் டேவிட் பெக்கம் வந்தபோதுதான், வரம்பைத் தாண்டிச் சம்பளம் கொடுக்க ஒரு தனி விதி போட்டார்கள்.

முதல் சில ஆண்டுகளில் டிரா கூடாது என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்களே, அதை ஒரு தடவையாவது எழுதுங்கள். பெனால்டி இல்லை. 35 கெஜ தூரத்தில் பந்து. எதிரே கோல்கீப்பர் மட்டும். விசில் ஊதியதும் ஆட்டக்காரர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடவேண்டும், ஐந்து விநாடிக்குள் அடித்துவிடவேண்டும். கோல்கீப்பர் பாய்ந்து வருகிறார், இவர் இடப்பக்கம் வெட்டுகிறார், பலகையில் நொடிகள் குறைகின்றன. ஐரோப்பாக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1999-ஓடு அதை விட்டுவிட்டார்கள். எனக்கென்னவோ அது பெனால்டி ஷூட்அவுட்டைவிட நல்ல விளையாட்டாகத்தான் தெரிகிறது. பெனால்டியில் கோல்கீப்பர் குருட்டாம்போக்கில் ஒரு பக்கம் விழுகிறார். இதில் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. சரி, அது என் தனிப்பட்ட கிறுக்கு.

2002 ஜனவரியில் டாம்பா பே, மயாமி ஃப்யூஷன் என்ற இரண்டு அணிகளை மூடினார்கள். மீதி பத்து. அந்தப் பத்தில் ஆறு அணிகள் வரை பிலிப் ஆன்ஷுட்ஸ் என்ற ஒரே ஒருவரிடம் இருந்த காலமும் உண்டு. அவருக்கு ஒருநாள் காலையில் அலுத்துப்போயிருந்தால் லீக் அன்றோடு முடிந்திருக்கும். அங்கிருந்து 2025-ல் 30 அணிகள். 2007-ல் டொரான்டோ உள்ளே வரக் கட்டிய நுழைவுத்தொகை 1 கோடி டாலர். சான் டியாகோ கட்டியது 50 கோடி டாலர்.

சம்பள உச்சவரம்பு, அணி உரிமை, இறக்கம் இல்லாத லீக் என்றெல்லாம் எழுதினால் தமிழ் வாசகருக்குச் சலிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் சொல்கிறீர்கள். யாருக்குச் சலிக்கும்? ஐபிஎல் ஏலத்தன்று ஒவ்வொரு அணியின் கையில் மிச்சம் எத்தனை கோடி என்று டீக்கடையில் மனக்கணக்குப் போடும் ஊர் இது. சிஎஸ்கே 2016, 2017 இரண்டு ஆண்டும் தடையில் இருந்தபோது சென்னைக்காரர்கள் எப்படி இருந்தார்கள் என்பதும் தெரியும். 2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலில், அடுத்த ஐஎஸ்எல் கால்பந்து சீசன் நடக்குமா என்பதே தெரியாமல் நிறுத்திவைக்கப்பட்டபோது சென்னையின் எஃப்சி ரசிகர்கள் பட்டதும் அதே கலக்கம்தான். ஆக, இங்கிலாந்துக்காரருக்கு நீங்கள் முதலிலிருந்து விளக்கவேண்டியதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். அவருக்கு அது பாதி தெரியும். நீங்கள் மீதியைச் சொன்னால் போதும்.

அந்த மீதிதான் உங்களிடம் இருக்கும் கொலம்பஸ் கதை. அதை முழுசாக எழுதுங்கள். 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாடின் கூவாவில் அமெரிக்க அணி 2-1 என்று தோற்றது. டிரா செய்திருந்தாலே 2018 உலகக் கோப்பைக்குப் போயிருப்பார்கள். முந்தைய நாள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்த ஓடுதளத்தைத் தாண்ட ஆட்டக்காரர்களை முதுகில் சுமந்துகொண்டு போன படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1989-ல் 40 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு உலகக் கோப்பைக்குக் கதவு திறந்ததும் அதே டிரினிடாடில்தான், பால் கலிஜூரி தூரத்திலிருந்து அடித்த ஒரே கோலில். அது வேறு கதை. கூவா தோல்வி நடந்த அடுத்த வாரமே, க்ரூவின் உரிமையாளர் ஆன்டனி பிரிகோர்ட் அணியை டெக்சஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்ற செய்தி வந்தது. ஒரே வாரத்தில் நாட்டு அணியும் போச்சு, ஊர் அணியும் போகப்போகிறது. அந்த வாரம் நீங்கள் அங்கே இருந்தீர்கள். அலுவலகத்தில் என்ன பேசினார்கள்? அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பாட்டைப் பாடவில்லை? இவற்றில் ஒரு வரிகூட உங்கள் மூன்று கட்டுரைகளில் இல்லை.

அப்புறம் அந்தச் சட்டம். 1995-ல் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியை அதன் உரிமையாளர் ஆர்ட் மாடல் பால்டிமோருக்குப் பெயர்க்கப்போவதாக அறிவித்தார். கடுப்பான ஒஹையோ சட்டமன்றம், அடுத்த ஆண்டு ஒரு சட்டம் போட்டது: வரிப்பண உதவி பெற்ற மைதானத்தில் ஆடும் அணி ஊரைவிட்டுப் போவதானால் ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தரவேண்டும். எல்லோரும் மறந்துவிட்ட அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி 2018 மார்ச்சில் மாநில அரசும் கொலம்பஸ் நகராட்சியும் வழக்குப் போட்டன. தெருவில் ரசிகர்கள், நீதிமன்றத்தில் அரசு. கடைசியில் அணியை வாங்கிய கூட்டணியில் யார் இருந்தார்கள் பாருங்கள்: ஹாஸ்லம் குடும்பம், அதாவது இன்றைய கிளீவ்லாந்து பிரௌன்ஸின் உரிமையாளர்கள். கூடவே பீட் எட்வர்ட்ஸ், க்ரூவின் பழைய அணி டாக்டர். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் ‘ரொம்ப செயற்கையாக இருக்கிறது’ என்று நானே வெட்டியிருப்பேன்.

பிரிகோர்ட்டை வில்லனாக்கி எழுதவேண்டாம் என்பது மட்டும் என் யோசனை. ஆஸ்டினுக்கும் 2021-ல் தனி அணி வந்தது, அவர்தான் உரிமையாளர், அந்த ஊர்க்காரர்களும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். க்ரூ 2020-லும் 2023-லும் கோப்பை வாங்கியது. 2020 இறுதி ஆட்டத்தில் சியாட்டிலை 3-0 என்று வென்றபோது, கொரோனா காரணமாக மைதானத்தில் சுமார் 1,500 பேர்தான் இருந்தார்கள். 1999-ல் லமார் ஹன்ட் கால்பந்துக்கென்றே கட்டிக்கொடுத்த அந்தப் பழைய மைதானத்தில், அணியைக் காப்பாற்றப் போராடியவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இடமில்லை. நீங்கள் அன்று எங்கே இருந்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

தரம் தரம் என்று நண்பர்கள் சொல்வதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இங்கிலாந்து லீக்கைவிட எம்எல்எஸ் தரம் குறைவு. ஆமாம். அடுத்த கேள்வி? தரத்தை மட்டும் பார்த்துத்தான் ரசிகனாவோம் என்றால் ரஞ்சி டிராபி பார்க்க ஒரு ஆள் இருக்கமாட்டான். ஆனால் ஒன்று: ‘ஐரோப்பா அளவுக்கு’ என்ற அளவுகோலை நீங்கள் அமெரிக்கப் பெண்கள் அணிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், தலைகீழாகிவிடும். 1991, 1999, 2015, 2019 என்று நான்கு உலகக் கோப்பைகள். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டம், கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்குக் காசு ஒதுக்கவைத்தது. அதன் அறுவடை 1999 ஜூலை 10 அன்று ரோஸ் போல் மைதானத்தில், சீனாவுடனான உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், 90,185 பேர் முன்னால் தெரிந்தது. பிராண்டி சேஸ்டனின் கடைசிப் பெனால்டி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்பே சீனாவின் லியூ யிங் அடித்ததை அமெரிக்க கோல்கீப்பர் பிரியானா ஸ்கரி பாய்ந்து தட்டிவிட்டதை யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா? பல ஆண்டுகள் அந்த ஆட்டத்தில் ஐரோப்பாதான் அமெரிக்கா அளவுக்கு இல்லாமல் இருந்தது. உங்கள் கட்டுரைகளில் பெண்கள் ஒருவர்கூட இல்லை என்பதைப் பார்த்தேன். உங்களுக்கு ஆர்வம் இல்லையென்றால் வற்புறுத்தவில்லை. ஆனால் அமெரிக்க சாக்கர் என்று பொதுவாகத் தலைப்புப் போடாதீர்கள்.

தகுதி விஷயம். 1950 உலகக் கோப்பையில், பெலோ ஓரிசோன்தேயில், அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் ஹெய்தியில் பிறந்த ஜோ கேட்ஜென்ஸ். நியூயார்க்கில் கணக்கியல் படித்துக்கொண்டு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி செயின்ட் லூயிஸில் சவ ஊர்தி ஓட்டியவர். அந்த உலகக் கோப்பைக்குப் போன அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரே ஒருவர்: செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். ஆபீஸ் அனுப்பவில்லை. லீவு போட்டுவிட்டு, கைக்காசில் போனார். இந்தத் துறையில் எழுதியவர்களின் மூத்த குடி அவர்தான் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கும் அவருக்கும் தகுதி ஒன்றே: வேறு யாருக்கும் அக்கறை இல்லாதபோது அக்கறை இருந்தது.

ஆனால் அவர் மைதானத்தில் இருந்தார், நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள். இந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள். இரண்டாவது கட்டுரையில் ‘மைதானமே அதிர்ந்தது, குளிர்காற்று எலும்பைத் துளைத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காற்று உங்களுக்கு எப்படித் தெரியும்? டிவியில் பார்த்தது என்றால் டிவியில் பார்த்ததை எழுதுங்கள்: ஆட்டக்காரர் வாயிலிருந்து புகை வந்தது, மாற்று ஆட்டக்காரர்கள் கழுத்துவரை கோட்டுக்குள் இருந்தார்கள். அது போதும், வாசகர் தானாகவே நடுங்கிக்கொள்வார். தூரத்தில் இருப்பதற்கு லாபமும் உண்டு. அங்கே இருப்பவர் ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் அதே நேரத்தில் ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். பந்தைப் பார்க்காமல், பத்து நிமிடம் ஒரே ஒரு டிஃபெண்டரை மட்டும் பாருங்கள். வில்ஃபிரெட் நான்சி பயிற்சியாளராக இருந்த க்ரூவில், எதிராளி நெருங்கி வரும்வரை டிஃபெண்டர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார் பாருங்கள், நமக்கு வயிற்றைக் கலக்கும். ஏன் நின்றார், யாருக்காகக் காத்திருந்தார் என்று ஒரு பத்தி எழுதினால் அது மைதானத்தில் இருந்தவரும் எழுதாத பத்தி.

ஆவணங்களும் வீட்டிலிருந்தே கிடைக்கும். எம்எல்எஸ் ஆட்டக்காரர்கள் சங்கம் ஒவ்வொருவரின் சம்பளத்தையும் பகிரங்கமாக வெளியிடுகிறது. ஐரோப்பிய லீக்குகளில் இப்படி ஒரு பட்டியலைச் சங்கமே தருவது கிடையாது, அங்கே பெரும்பாலும் ஊகம்தான். 2024-ல் மெஸ்ஸிக்கு உறுதி செய்யப்பட்ட தொகை 2,04,46,667 டாலர். அதே ஆண்டு சீனியர் ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் 89,716 டாலர். ஒரே புல்தரையில், ஒரே நேரத்தில். கொலம்பஸில் உங்கள் அலுவலகத்தில் சீனியர் புரோகிராமர் ஒருவர் அதைவிட அதிகம் வாங்கியிருப்பார். இதைக் கொண்டே ஒரு கட்டுரை எழுதலாம்.

ரசிகனா பத்திரிகையாளனா என்ற குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. க்ரூ ஊர் மாறப்போகிறது என்ற செய்தியை முதலில் வெளியிட்டவர் பத்திரிகையாளர் கிராண்ட் வால். அமெரிக்க சாக்கரை அவரைப் போல் நேசித்தவர்கள் குறைவு. அவர்தான் கத்தார் உலகக் கோப்பைக்குப் போய், மைதானங்களைக் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி விடாமல் எழுதினார். 2022 டிசம்பரில், அர்ஜென்டினா - நெதர்லாந்து ஆட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோதே லுசைல் மைதானத்தில் சரிந்து இறந்தார். ஆட்டத்தின் மேல் இருந்த பிரியம் அவர் கையைக் கட்டிப்போடவில்லை.

‘மோசமாக எழுதக் கை வரவில்லை’ என்கிறீர்கள். மோசமாக எழுதச் சொல்லவில்லை. க்ரூ மூன்று கோல் வாங்கினால், மூன்றும் எப்படி வந்தன என்று எழுதுங்கள், அவ்வளவுதான். மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டே எழுதுங்கள். மாட்டியிருக்கிறேன் என்று வாசகருக்கும் சொல்லிவிடுங்கள். நடுநிலை என்று நடிக்கிறவரைவிட அவர் உங்களை நம்புவார். ஆனால் சட்டையோடு நிற்பதால்தான் கேட்கமுடிகிற கேள்விகள் சில உண்டு. 1914-லிருந்து நடக்கிற யு.எஸ். ஓப்பன் கோப்பையில் எந்த மூலையில் இருக்கும் சின்ன கிளப்பும் பெரிய அணியை மோதிப் பார்க்கலாம். 2022-ல் இரண்டாம் டிவிஷனின் சாக்ரமென்டோ இறுதி ஆட்டம் வரை வந்தது. அந்தப் போட்டிக்கு முதல் அணிகளை அனுப்பாமல் ரிசர்வ் அணிகளை அனுப்புகிறோம் என்று 2023 டிசம்பரில் எம்எல்எஸ் சொன்னது. அமெரிக்க கால்பந்துக் கூட்டமைப்பு மறுத்து, கடைசியில் 2024-ல் எட்டு எம்எல்எஸ் அணிகள்தான் ஆடின. லீக்கை வளர்த்த ரசிகனுக்கு இதில் கோபம் வரவேண்டாமா? பெண்கள் லீக்கில் பயிற்சியாளர்களின் வசைகளும் பாலியல் அத்துமீறலும் ஆங்காங்கே நடந்தவை அல்ல, அமைப்பு முழுக்கப் பரவியிருந்தவை என்று 2022 அக்டோபரில் சாலி யேட்ஸ் என்ற வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை சொன்னது. அன்று ஸ்கோர் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவரை ரசிகர் என்று நான் சொல்லமாட்டேன்.

மெஸ்ஸி பெயர் இருந்தால்தான் படிக்கிறார்கள் என்றால், போடுங்கள். வாசகரை அழைத்துவர மெஸ்ஸி போதும். வந்தவரிடம் வேறு ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். 2024 சீசனில் மெஸ்ஸியின் இன்டர் மயாமி 74 புள்ளிகள் எடுத்தது, லீக் வரலாற்றில் அதுதான் அதிகம். பிளேஆஃப் முதல் சுற்றிலேயே அவர்களை வெளியேற்றியது 40 புள்ளிகள் எடுத்த அட்லாண்டா. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் 40 வயது பிராட் குசான். இலினாய்ஸ்காரர், நாட்டு அணிக்கும் ஆடியவர். மெஸ்ஸியை வைத்துத் தலைப்புப் போட்டு, குசானைப் பற்றி எண்ணூறு சொல் எழுதினால் யாரும் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைத் தினமும் எண்ணுவதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். அமெரிக்காவே கூட்டாக நடத்தும் 2026 உலகக் கோப்பையை ஒட்டி 48 அணி, 104 ஆட்டம் என்று தமிழிலும் எல்லோரும்தான் எழுதுவார்கள். அந்தக் கூட்டத்தில் போய் முண்டியடிக்கவேண்டாம். கூட்டம் வீட்டுக்குப் போன பிறகு, அதன் பின்கதை தெரிந்தவர் யார் என்று தேடுகிற வாசகர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்காக எழுதுங்கள்.

கடைசியாக, டெஸ்க் ஆள் என்பதால் இதைச் சொல்லாமல் விடமுடியாது. பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். முதல் கட்டுரையில் ‘நேன்சி’, மூன்றாவதில் ‘நான்சி’. வாசகர் இரண்டு பயிற்சியாளர்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘அதிரடி’, ‘அபாரம்’, ‘மிரட்டல்’ மூன்றையும் ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். மேனேஜரும் மஞ்சள் பலகையும் வருகிற கட்டுரையை ஆயிரம் சொல்லுக்குள் திருப்பி எழுதி எனக்கு அனுப்புங்கள். முதல் வரியில் ஸ்கோர் வேண்டாம், ஐரோப்பாவும் வேண்டாம். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயர் போடுவதானால் அனுமதி வேண்டும்.